அழகிப் போட்டி நடத்துகிறீர்களா? விண்ணப்பத்திலிருந்து தொடங்குங்கள்

மேடைக்குப் பின்னால் போட்டியாளர்களை ஒருங்கிணைப்பது என் வேலை. திருநங்கைகளும் கலந்துகொள்ள வேண்டுமென்றால், விதிமுறையில் "பிறப்பிலேயே பெண்" என்ற வரி இருந்தால் முதலில் அதை எடுங்கள். 2012இல் ஜென்னா தலக்கோவா என்ற திருநங்கையை மிஸ் யுனிவர்ஸ் கனடாவிலிருந்து நீக்கி, எதிர்ப்பு வந்தபின் திரும்பச் சேர்த்தது அப்படியொரு விதியால்தான். 2018இல் ஸ்பெயினின் திருநங்கை ஆஞ்சலா போன்சே மிஸ் யுனிவர்ஸ் மேடையிலேயே நடந்தார். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

விண்ணப்பத்தில், அழைக்க வேண்டிய பெயருக்குத் தனிக் கட்டம் வையுங்கள். ஆவணப் பெயர் அலுவலகக் கோப்போடு நிற்கட்டும். அறிவிப்பாளர் தாளில் வரவே கூடாது. ஒத்திகையில் அறிவிப்பாளரை அந்தத் தாளை உரக்கப் படிக்கவையுங்கள்.

உடை மாற்றும் அறைதான் பெரிய தலைவலி. திருநங்கைக்கு மட்டும் தனி அறை கொடுப்பது மரியாதை போலத் தெரியும், உண்மையில் ஒதுக்கிவைப்பதுதான். எல்லோருக்குமே திரைத்தடுப்பு போடுங்கள்.

நடுவர்களிடம் கறாராகச் சொல்லுங்கள்: அறுவை சிகிச்சை, பழைய பெயர், பழைய படம் பற்றிக் கேள்வி கிடையாது. மற்றவர்களிடம் லட்சியத்தைக் கேட்டுவிட்டு திருநங்கையிடம் மட்டும் கண்ணீர்க் கதை கேட்பதும் வேண்டாம். போட்டியாளரின் துணை பெண்ணாக இருந்தால், அவருக்கும் குடும்ப வரிசையில் இருக்கை உண்டு.

அப்புறம், புகார் வாங்குபவரின் பெயரும் எண்ணும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். அவர் போட்டி இயக்குநராக இருக்கக் கூடாது.