சக்கர நாற்காலி வகுப்பறை வரை போக: மாணவர்கள் மனு கொடுக்கும் முறை

"எங்கள் கல்லூரியில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இல்லை" என்று மட்டும் எழுதினால், "ஆவன செய்யப்படும்" என்ற ஒரு வரிப் பதிலோடு மனு தூங்கிவிடும். அளவு எழுதிய மனுவை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. ஆகவே முதல் வேலை, ஒரு அளவு டேப்போடு வளாகத்தைச் சுற்றுவது. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் சம்மதித்தால் அவரே வழி காட்டட்டும். அவரைக் கேட்காமல் அவர் பெயரையோ படத்தையோ மனுவில் சேர்க்கக் கூடாது.

வாசல் படிகளின் மொத்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சாய்தளத்தின் (ரேம்ப்) சரிவு 1:12-க்கு மேல், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற அளவுக்கு மேல், போகக் கூடாது. 15 செ.மீ. படி மூன்று இருந்தால் உயரம் 45 செ.மீ.; அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் ஓட வேண்டும். பல இடங்களில் படியின் மேலேயே ஒன்றரை மீட்டருக்குச் சிமென்ட்டைச் சரித்துப் பூசி, ரேம்ப் கட்டியாயிற்று என்று கணக்குக் காட்டுவார்கள். அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழக்கூடும். செல்போனில் சரிவை அளக்கும் லெவல் செயலியைத் திறந்து சரிவில் வையுங்கள். 5 டிகிரியைத் தாண்டினால் அந்தத் திரையையும் படம் எடுங்கள். அகலம் 1.2 மீட்டர், மேலே ஏறியதும் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சதுரச் சமதளம், கதவு திறந்தபின் 90 செ.மீ. இடைவெளி இருக்கிறதா பாருங்கள். கழிவறைக் கதவில் சக்கர நாற்காலிப் படம் இருக்கும், கூடவே பூட்டும் தொங்கும்; உள்ளே துடைப்பமும் உடைந்த பெஞ்சும் கிடக்கும். சாவி யாரிடம் என்று கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. மாணவர் சங்கத்தின் பெயரில் போட வேண்டாம், ஒரு மாணவரின் பெயரில் போடுங்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் கட்டவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் காரணம் சொல்வது அவர்கள் கடமையல்ல, கோப்பில் இருப்பதைத் தருவதுதான் கடமை. சாய்தளத்துக்கான நிதி ஒதுக்கீட்டு ஆணை, செலவுக் கணக்கு, ஆய்வறிக்கை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதில் எத்தனை இடம் நிரம்பியது என்றும் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. சுயநிதிக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்.

இதற்காகக் காத்திராமல், அளவுப் பட்டியலை இணைத்துக் கல்லூரியின் மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்கும் மனு கொடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால், அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பலர் தோற்பது இங்கேதான்: மனுவை நேரில் கொடுத்துவிட்டு, நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வந்துவிடுகிறார்கள். பிறகு நாள் கணக்கை நிரூபிக்க வழியிருக்காது. சீல் போட மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் இதே மனுவையும் அளவுப் பட்டியலையும் அனுப்பலாம்.

கோப்பின் ஒரு பிரதி இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் இருக்கட்டும். இறுதியாண்டு மாணவர்கள் போனதும் மனு நின்றுவிடுவது அதிகம்.