ஐ.வி.எஃப் வெற்றி விகிதம்: எண்ணைப் பார்க்கும்போது நேரும் தவறுகள்

ஐ.வி.எஃப் என்பது முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கி, அதைக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை. அதில் தன் வெற்றி விகிதம் 70 சதவீதம் என்கிறது ஒரு மையம், இன்னொன்று 45 என்கிறது. எதை வெற்றி என்று எண்ணினார்கள், எத்தனை பேரில் எண்ணினார்கள் என்று கேட்காமல் இவற்றை ஒப்பிடுவதுதான் முதல் தவறு.

கருவை வைத்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். அது பாசிட்டிவ் ஆனாலே வெற்றிக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. ஸ்கேனில் எதுவும் தெரியும் முன்பே அந்த ஹார்மோன் அளவு இறங்கி, கர்ப்பம் நின்றுவிடலாம். ஆறேழு வாரத்தில் இதயத்துடிப்பு தெரிந்த பிறகும் கரு கலைவதுண்டு. நீங்கள் கேட்க வேண்டியது உயிருடன் பிறந்த குழந்தைகளின் கணக்கு. பிரசவம் வரை காத்திருந்தால்தான் அது தெரியும். ஆகவே “போன மாத வெற்றி விகிதம்” என்று யாராவது சொன்னால் அது பிரசவக் கணக்கு அல்ல.

இதைவிடப் பெரிய குழப்பம் எதால் வகுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு 100 பெண்கள் முட்டை வளர்வதற்கான ஊசி தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். முட்டை சரியாக வளராமல் 10 பேருக்குப் பாதியில் நின்றுவிடுகிறது. முட்டை எடுத்த 90 பேரில் 75 பேருக்குத்தான் வைக்கக் கரு கிடைக்கிறது. 40 பேருக்கு பீட்டா பாசிட்டிவ், 27 பேருக்குக் குழந்தை. பாசிட்டிவைக் கரு வைத்தவர்களால் வகுத்தால் 53 சதவீதம். பிரசவத்தை அதே 75 பேரால் வகுத்தால் 36. ஊசி தொடங்கிய எல்லோரையும் எடுத்தால் 27. மூன்றும் ஒரே மையம், ஒரே நோயாளிகள்! உறையவைத்த கருக்களையும் பிறகு வைத்தால் கடைசி எண் கொஞ்சம் ஏறும். ஒருமுறை முட்டை எடுத்ததில் கிடைத்த எல்லாக் கருக்களுக்கும் சேர்த்த பிரசவ விகிதம்தான் தம்பதிக்கு மிகவும் பயன்படுவது.

வயதைப் பிரிக்காத சராசரியை நம்பாதீர்கள். 30 வயதுக்கும் 41 வயதுக்கும் முட்டையின் தரம் வெகுவாக மாறும். வேறொரு பெண் கொடுக்கும் தானமுட்டையில் தானம் கொடுத்தவரின் வயதே முக்கியம். அதனால் அந்த சிகிச்சைகளைச் சேர்த்தால் மொத்த எண் உயர்ந்துவிடும். கடினமானவர்களைத் திருப்பி அனுப்பும் மையத்தின் எண்ணும் அழகாகத்தான் இருக்கும்.

10 பேரில் 5 பேருக்குக் குழந்தை என்பதும் 50 சதவீதம்தான். ஆனால் அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மை விகிதம் 19 முதல் 81 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம்.

இரண்டு கருக்களை வைத்து இரட்டைக் குழந்தை வந்தால் அதை இரட்டை வெற்றியாக எண்ணக் கூடாது. குறைமாதப் பிரசவம், எடைக் குறைவு, தாய்க்கு ரத்த அழுத்தம் ஆகிய ஆபத்துகள் அதில் கூடுதல்.

பிரிட்டனில் எச்.எஃப்.இ.ஏ என்ற அரசு ஒழுங்குமுறை அமைப்பு மையவாரியாக இந்தக் கணக்குகளை வெளியிடுகிறது. இந்தியாவில் இத்தகைய கருத்தரிப்பு சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தும் 2021 சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: “என் வயதில், சொந்த முட்டையில், ஊசி தொடங்கிய எத்தனை பேரில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது? எந்த ஆண்டுக் கணக்கு?”