எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா? முதல்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

கொலராடோவில் அக்டோபர் நடுவில் எல்க் மானுக்கான ரைஃபிள் சீசன் தொடங்கிவிடும். அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே துப்பாக்கிக் கடைகளில் வாக்குவாதம் களைகட்டும். .270 போதும் என்பார் ஒருவர். அதிக மருந்தும் வேகமும் கொண்ட .300 மேக்னம் இல்லாமல் மலை ஏறாதே என்பார் இன்னொருவர். புதிதாக வந்தவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, கடைசியில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்.

தோட்டாவின் பெயரில் ஆரம்பிப்பதால்தான் இந்தக் குழப்பம். குண்டில் ஆரம்பித்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளை உறை, அதன் பின்புறம் தீமூட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. இதில் விலங்கின் உடலைத் தொடுவது குண்டு மட்டும்தான். மற்றதெல்லாம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக இருப்பவை.

படி 1: சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம். இந்தக் கட்டுரை முழுக்க அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியைப் பற்றியது.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி உண்டு. கொலராடோவில் எல்க் வேட்டைக்கான ரைஃபிளின் கேலிபர், அதாவது அங்குலத்தில் சொல்லும் குழல் விட்டம், .24-க்குக் குறையக்கூடாது, குழல் குறைந்தது 16 அங்குலம் இருக்க வேண்டும். குண்டு விரிந்து மலரும் வகையாகவும், 85 கிரெயினுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலாவது அதில் மிஞ்சியிருக்க வேண்டும். கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அலகு. 180 கிரெயின் என்றால் 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருந்தால்தான் உரிமம் கிடைக்கும்.

நம்மவர்களில் பலர் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கிறோம் அல்லவா, அவர்களுக்கு இன்னொரு விஷயம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அப்படிப்பட்ட விசாக்காரர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதையும் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆகவே முதலில் உரிமம், அப்புறம்தான் தோட்டா. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் சும்மா சுட்டுப் பார்ப்பது என்றாலும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: விலங்கின் உடம்பைப் புரிந்துகொள்ளுங்கள்

ராக்கி மலை எல்க்கில் வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். பெண் சுமார் 225 கிலோ இருக்கும். அதே மலையில் மேயும் மியூல் மான் ஆண் 90 கிலோ சொச்சம்தான். மானுக்குச் சரியாக இருக்கும் மென்மையான குண்டு எல்க்கின் தோள் எலும்பில் பட்டுச் சிதறிவிட்டால், காயம் மேலோட்டமாகவே நின்றுவிடும். அந்த விலங்கு அடுத்த பள்ளத்தாக்குக்கு ஓடிப்போய், நாள்கணக்கில் துடித்துச் சாகும். நீங்கள் தவிர்க்க வேண்டியது இதைத்தான்.

குறி இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி. எல்க்கில் அது சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, ஓர் அடிக்கு மேல் அகலம் இருக்கும். விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே வந்து, உடலின் கீழ்க்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுட வேண்டும். ஆனால் எல்க் எப்போதும் பக்கவாட்டில் நின்று கொடுக்காது. கொஞ்சம் திரும்பி, உங்களுக்கு முதுகைக் காட்டிச் சாய்வாக நின்றால், குண்டு கடைசி விலா எலும்புகள் வழியாக நுழைந்து, நிரம்பிய வயிற்றின் ஓரத்தைக் கடந்து, எதிர்ப்பக்கத் தோள் வரை போயாக வேண்டும். கிட்டத்தட்ட இரண்டடிப் பயணம். குண்டைத் தேர்வு செய்யும்போது மனதில் இருக்க வேண்டிய காட்சி இது.

படி 3: குண்டைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வேட்டைக் குண்டுக்கு இரண்டு வேலை: உள்ளே போனதும் விரிய வேண்டும், விரிந்த பிறகும் தொடர்ந்து ஊடுருவ வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. அதிகம் விரிந்தால் ஊடுருவல் குறையும்.

சாதாரணக் குண்டு ஈயத்தின் மேல் செம்பு உறை போட்டது. விலை குறைவு, மானுக்கு அருமை. எல்க்குக்கும் நடுத்தர வேகத்தில், விலாவில் பட்டால் பழுதில்லை. மேக்னம் தோட்டாவில் போட்டு, கிட்டத்தில் எலும்பில் அடித்தால்தான் சிக்கல்.

இதற்கு வந்த முதல் நல்ல தீர்வுகளில் ஒன்றுக்குக் கதை உண்டு. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் மூஸ் என்னும் பெரிய மான் வகையை வேட்டையாடப் போனார். சேறு காய்ந்து ஒட்டிய தோலும் பெரிய உடலும் கொண்ட அந்த மூஸில் அவருடைய குண்டுகள் ஆழமாகப் போகவில்லை. ஊர் திரும்பியவர், குண்டின் நடுவே செம்பில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி குலையாமல் தள்ளிக்கொண்டே போகும். 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. எல்க் வேட்டையில் நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும் குண்டு அது.

அதற்குப் பின் வந்தவற்றில் இரண்டு வகை கவனிக்க வேண்டியவை. ஈயமும் செம்பும் பிரியாமல் ஒட்டவைக்கப்பட்ட பாண்டட் குண்டு ஒன்று. ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு இன்னொன்று. செம்புக் குண்டு எடையை இழக்காமல் வெகு ஆழம் போகும்; இறைச்சியில் ஈயத் துணுக்கும் சிதறாது. குழந்தைகள் சாப்பிடும் வீடு என்றால் இதையே வாங்குங்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமில்லாத தோட்டாதான் கட்டாயம். ஒரு குறை, வேகம் குறைந்தால் செம்பு சரியாக விரியாது. அதனால் ஈயக் குண்டில் எடுக்கும் எடையிலிருந்து ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும். .30-06-இல் 180 கிரெயின் ஈயம் என்றால், செம்பில் 165 போதும்.

முழு உலோக உறை போட்ட ராணுவ வகைக் குண்டு விரியாது. ஊசி குத்தியது போலத் துளைத்துவிட்டுப் போகும். பெரும்பாலான மாநிலங்களில் பெரிய விலங்கு வேட்டைக்கு அதற்கு அனுமதியும் இல்லை. பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இப்போது பெயர்களுக்கு வரலாம்

பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: குண்டின் எடை, குழல்முனையில் அதன் வேகம். இவற்றை வைத்து ஆற்றலை நீங்களே கணக்கிடலாம். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வரும் எண்ணை எடையால் பெருக்கி, 4,50,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு வந்துவிடும். .30-06-இல் 180 கிரெயின் குண்டு விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படுகிறது. கணக்குப் போட்டால் சுமார் 2,914. எல்க்கைத் தொடும் இடத்தில் 1,500 அடி-பவுண்டு மிஞ்சியிருக்க வேண்டும் என்பது வேட்டைக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லும் கைக்கணக்கு. அது சட்டமல்ல, தொடக்கநிலையில் இருப்பவருக்கு நல்ல வேலி.

.30-06 ஸ்பிரிங்ஃபீல்டு 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. இரண்டு உலகப் போர்களையும் பார்த்தது. 165 முதல் 180 கிரெயின் வரை நல்ல குண்டு போட்டால் எல்க்கோ மூஸோ கருங்கரடியோ எதற்கும் போதும். 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் அதன் தம்பி. உறை நீளம் குறைவு, விநாடிக்கு நூறு அடி போல வேகமும் குறைவு, சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதையும் கொஞ்சம் குறைவு. 300 கெஜத்துக்குள் இரண்டுக்கும் இடையே எல்க்குக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

.270 வின்செஸ்டர் 1925-இல் வந்தது. தட்டையாகப் பறக்கும், உதை மிதம். மானுக்கு வழக்கமான 130 கிரெயினை விட்டுவிட்டு, எல்க்குக்கு 140 அல்லது 150 கிரெயினில் உறுதியான குண்டு எடுங்கள்.

6.5 கிரீட்மோர் 2007-இல் வந்து எல்லோர் வாயிலும் அடிபடும் பெயர். சுட மிகச் சுகமானது. எல்க்குக்குப் போதாது என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. 140 கிரெயின் சொச்சம் எடையுள்ள குண்டு நன்றாகவே ஊடுருவும். ஆனால் அந்த 1,500 கணக்கை வைத்துப் பார்த்தால் 400 கெஜத்துக்கு முன்பே எல்லை வந்துவிடும். நிதானக்காரர் கையில் 300 கெஜத் தோட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் (1962), .300 வின்செஸ்டர் மேக்னம் (1963) இரண்டும் திறந்த புல்வெளிகளில் தொலைவில் சுட ஏற்றவை. பின்னது 180 கிரெயின் குண்டை 3,500 அடி-பவுண்டு ஆற்றலோடு அனுப்பும். அந்த ஆற்றலுக்கான விலையை உங்கள் தோள் கொடுக்கும். அதை அடுத்த படியில் பார்ப்போம்.

.243 வின்செஸ்டர் கொலராடோ சட்டப்படி எல்க்குக்குச் செல்லும். இருந்தாலும் தேர்ந்த கைக்கு விட்டுவிடுங்கள். அலாஸ்காவின் பழுப்புக் கரடிக்கு .338 வின்செஸ்டர் மேக்னமோ .375 எச்&எச் மேக்னமோ வேண்டும்; புதியவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

படி 5: உதையைச் சோதித்துப் பாருங்கள்

சுமார் 8 பவுண்டு ரைஃபிளில் 6.5 கிரீட்மோரின் உதை 12 அடி-பவுண்டு போல இருக்கும். .308 பதினேழு, பதினெட்டு; .30-06 இருபதை ஒட்டி. .300 மேக்னம் 25-ஐத் தாண்டிவிடும். எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். பத்துத் தோட்டா சுட்ட பிறகு தெரியும்.

உதைக்குப் பயந்த உடம்பு, விசையை அழுத்தும் கணத்தில் தன்னை அறியாமலே சுருங்கும். கண் மூடும், தோள் முன்னே தள்ளும், விரல் வெடுக்கென்று இழுக்கும். சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது, வெடிச்சத்தமும் உதையும் மறைத்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சுடுதளத்தில் நண்பர் ஒருவரிடம் ரைஃபிளைக் கொடுத்து, நீங்கள் பார்க்காதபோது சில முறை உண்மைத் தோட்டாவும் சில முறை மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுப் பயிற்சித் தோட்டாவும் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெற்றுத் தோட்டா வரும்போது 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும்தான். அப்போது குழல்முனை அசையாமல் நின்றால் அந்தத் தோட்டா உங்களுக்குப் பொருந்தும். முனை குபுக்கென்று கீழே குனிந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். எனக்குத் தெரிந்தவரை மேக்னம் வாங்கும் புதியவர்களில் பலருக்கு முனை குனியும். நுரையீரலில் பட்ட .308, வயிற்றில் பட்ட .300 மேக்னத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

படி 6: எங்கும் கிடைக்கிறதா என்று பாருங்கள்

விமானத்தில் போகிறீர்கள் என்றால் தோட்டாக்கள் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும்; பல நிறுவனங்கள் 11 பவுண்டு வரைதான் அனுமதிக்கும். பெட்டி வழியில் தொலைந்துபோனால்? கொலராடோவின் கிரெய்க், மீக்கர் போன்ற சிற்றூர்க் கடைகளில் .30-06, .308, .270, .300 மேக்னம் பெரும்பாலும் இருக்கும். நேற்று வந்த புதுப் பெயர்களுக்கு உத்தரவாதம் இல்லை. பயிற்சிக்கு நிறையச் சுட வேண்டியிருப்பதால், பெட்டி விலையும் முக்கியம்.

படி 7: உங்கள் ரைஃபிள் எதை விரும்புகிறது?

ஒரே பெயர், ஒரே எடை என்றாலும் ஒரு ரைஃபிளில் நெருக்கமாக விழும் தோட்டா இன்னொன்றில் சிதறும். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 100 கெஜத்தில் தாங்கியின் மேல் வைத்து மும்மூன்றாகச் சுடுங்கள். ஒன்றரை அங்குலத்துக்குள் மூன்றும் விழுந்தால் எல்க்குக்கு அதுவே தாராளம். அதே தோட்டாவை இன்னும் நாலைந்து பெட்டி வாங்கி வைத்துவிடுங்கள்.

சுடுவதற்கு முன் தோட்டாவின் அடிப்பக்க முத்திரையும் குழலில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். .308-உம் .30-06-உம் ஒரே விட்டக் குண்டுதான், ஆனால் உறை நீளம் வேறு. குட்டையான .308, .30-06 அறைக்குள் நுழைந்துவிடக்கூடும். சுட்டால் உறை கிழிந்து வெப்ப வாயு முகத்தை நோக்கி வரும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகைத் தோட்டாதான் இருக்க வேண்டும்.

பிறகு ஸ்கோப்பை (ரைஃபிளின் மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கி), குண்டு 200 கெஜத்தில் குறியிலேயே படும்படி சரிசெய்யுங்கள். .30-06-இல் 180 கிரெயின் குண்டு அப்போது 100 கெஜத்தில் சுமார் இரண்டு அங்குலம் மேலேயும், 300-இல் எட்டு, ஒன்பது அங்குலம் கீழேயும் படும். 400-இல் இரண்டு அடி இறங்கிவிடும், காற்றின் தள்ளல் தனி. முதல் சீசனுக்கு 300-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அதுவும் உட்கார்ந்தும் மண்டியிட்டும் அந்தத் தூரத்தில் தட்டு அளவுக்குள் சுட முடிந்தால் மட்டும். முடியவில்லை என்றால் உங்கள் எல்லை 200. மலை முகாமுக்குப் போனதும் அனுமதியுள்ள இடத்தில் ஒருமுறை சுட்டுச் சரிபாருங்கள். பயணத்தில் ஸ்கோப் இடிபடுவது சகஜம்.

சீசன் முடிந்ததும் மிச்சத் தோட்டாக்களை அவற்றின் பெட்டியிலேயே போட்டுப் பூட்டி வையுங்கள். வேட்டைக்குக் கொண்டுபோன முதுகுப்பையின் ஒவ்வொரு அறையையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். அதே பையோடு டிசம்பரில் சென்னைக்கு விமானம் ஏறி, மூலையில் ஒட்டிக்கிடந்த ஒற்றைத் தோட்டா ஸ்கேனரில் தெரிந்தால், இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். பேசாமல் ஊருக்குப் போக வேறு பை எடுத்துக்கொள்ளுங்கள்.