பாக்டீரியா நச்சுப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் நர்சிங், மைக்ரோபயாலஜி பிள்ளைகளுக்குப் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன். காலரா கேள்விக்கு விடைத்தாளில் நான் அதிகம் பார்க்கிற வரி இது: "நச்சு குடல் செல்களை அழிக்கிறது, அதனால் பேதி ஆகிறது." முதல் தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. காலரா நச்சு குடல் செல்லைக் கொல்வதில்லை. செல் முழுசாக, உயிரோடு இருந்துகொண்டேதான் தண்ணீரைக் கொட்டுகிறது. உப்பும் சர்க்கரையும் ஜோடியாக உள்ளே போகிற வழி கெடாமல் இருப்பதால்தான் ஓஆர்எஸ் கரைசல் வேலை செய்கிறது. செல் அழிந்திருந்தால் அந்தக் கரைசலை உறிஞ்ச ஆள் ஏது?

அப்படியானால் நச்சு என்னதான் செய்கிறது? செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பொடி வைத்து ஊதும்போது ஒரு துளி, திருகின் மரையில் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். கொலுசு உடையவில்லை, தேயவில்லை. ஆனால் திருகு திரும்பாது. காலரா நச்சும் அப்படி ஒரு துளியைத்தான் ஒட்டுகிறது. செல்லுக்குள் எப்போதும் இருக்கும் என்ஏடி மூலக்கூறிலிருந்து ஏடிபி-ரைபோஸ் என்ற துண்டைப் பிய்த்து, ஜிஎஸ் புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தின் மேல் வைக்கிறது. ஜிஎஸ், சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறின் தயாரிப்பை ஆன் செய்யும் ஒரு சுவிட்ச். தன்னிடம் உள்ள ஜிடிபியை (GTP) உடைத்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஒட்டு விழுந்தபின் அது முடியாது. சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போகும், குளோரைடு வழி திறக்கும், பின்னாலேயே தண்ணீர். நோய் முற்றியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். 1959-ல் கல்கத்தாவில் ஆய்வாளர் சம்பு நாத் டே, காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைக் கிருமியே இல்லாமல் வடிகட்டி முயல் குடலில் செலுத்தி இப்படி நீர் சேர்வதைக் காட்டினார். கிருமி பக்கத்தில் இருக்கவே வேண்டியதில்லை.

ஒட்டுகிற பொருளைக் கிருமி கொண்டுவருகிறது என்று எழுதாதீர்கள். அது நம் செல்லின் சரக்கு. நச்சு வெறும் நொதி, வேலை செய்து தீர்ந்துபோவதில்லை. இதேபோல் ஏடிபி-ரைபோஸ் ஒட்டுகிற தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நச்சில், நொதியாக வேலை செய்யும் ஏ துண்டு ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலே ஒரு செல்லைக் கொல்லப் போதும்.

அடுத்தது கக்குவான் இருமல். இங்கும் ஏடிபி-ரைபோஸ்தான், இங்கும் சைக்ளிக் ஏஎம்பிதான் ஏறுகிறது. அதனால் "இதுவும் சுவிட்சை ஆன் நிலையில் பூட்டுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். இது ஒட்டும் இடம் வேறு: ஜிஐ என்ற புரதத்தின் வால்பக்கச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். சைக்ளிக் ஏஎம்பியைக் குறைக்கச் சொல்வது ஜிஐயின் வேலை. ஒட்டு விழுந்ததும், செல்லின் மேல் இருந்து செய்தி வாங்கும் ஏற்பி சொல்வது அதற்கு எட்டாது, ஆஃப் நிலையிலேயே கிடக்கும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவில் இறங்கும் வண்டிக்கு ஆக்ஸிலேட்டர் சிக்குவது வேறு, பிரேக் பிடிக்காமல் போவது வேறு. இரண்டிலும் வேகம் கூடும்.

எனக்கு மிகவும் பிடித்த தவறு ஒன்று உண்டு. காபி எஸ்டேட்டில் கவாத்துக் கத்தி காலில் பட்டால் டெட்டனஸ் ஊசிக்கு ஓடுகிறோமே, அந்த இரண ஜன்னியில் உடம்பு வில்லாக விறைக்கும். கெட்டுப்போன உணவால் வரக்கூடிய பாட்டுலிசத்தில் தசை துவண்டுவிடும். நோய்க்குறி எதிரெதிர் என்பதால் வேதிவேலையும் எதிரெதிர் என்று நினைத்துவிடுகிறோம். டெட்டனஸ் நச்சும் பாட்டுலினம் நச்சின் பி வகையும் வெட்டுவது ஒரே புரதத்தை, ஒரே பிணைப்பில்: நரம்பு நுனி செய்திப் பொருளை வெளியிட உதவும் சினாப்டோபிரெவினில் 76-வது குளூட்டமினுக்கும் 77-வது பீனைல்அலனினுக்கும் நடுவே. பாட்டுலினம் வெட்டுவது தசையை இயக்கும் நரம்பின் நுனியில். டெட்டனஸ் தண்டுவடம் வரை ஏறிப்போய், தசையை அடக்கிவைக்கும் நரம்பில் வெட்டுகிறது. கத்தி ஒன்று, வெட்டிய இடம் வேறு.

சீதபேதிக் கிருமியின் ஷிகா நச்சை, ஏடிபி-ரைபோஸ் ஒட்டும் நச்சுகளின் பட்டியலில் சேர்க்காதீர்கள். தொண்டை அடைப்பான் நச்சைப் போல அதுவும் புரத உற்பத்தியை நிறுத்துகிறதுதான், ஆனால் கைவைப்பது செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்என்ஏயில். ஒரு அடினைனைப் பிடுங்கிவிடும். நம் மாவட்டத்து ஆமணக்கு விதையில் உள்ள ரைசினும் இதையே செய்கிறது.

கடைசித் தவறு விடைத்தாளோடு நிற்காது, வார்டு வரை வரும்: "ஆன்டிபயாடிக் கொடுத்தால் நச்சு முறியும்." ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், புதிய நச்சு வருவதை நிறுத்தும். தொண்டை அடைப்பான் நச்சு, புரதம் கட்டும் இஎஃப்-2-ல் உள்ள டிப்தமைடு என்ற மாறிய ஹிஸ்டிடின் மேல் ஏற்கனவே வைத்த ஒட்டை அது பிரிக்காது. ஆன்டிடாக்சினும் ரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும், செல்லுக்குள் நுழைந்ததை எட்டாது. அதனால்தான் தொண்டையில் சாம்பல் நிறப் படலத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்ததுமே, லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆன்டிடாக்சினைத் தொடங்கிவிடுகிறார்கள்.