பழைய படத்தையும் கடிதத்தையும் சீர்செய்யக் கொடுக்கும்போது

கடற்காற்றின் ஈரமும், 2011 டிசம்பரில் தானே புயல், 2015இன் வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று வீட்டுக்குள் புகுந்த தண்ணீரும் சேர்ந்து, கடலூர், புதுச்சேரி வட்டாரத்து டிரங்குப் பெட்டிகளில் கிடந்த கல்யாணப் படங்களையும் பத்திரிகைகளையும், வியட்நாமின் சைகோனிலிருந்து தாத்தாக்கள் எழுதிய கடிதங்களையும் கறையும் பூஞ்சையுமாக்கிவிட்டன. இவற்றைக் கணினியில் சீர்செய்து தருபவர்கள் இரண்டு ஊர்களிலும் இருக்கிறார்கள். எதைச் செய்ய வேண்டும் என்பதைவிட எதைத் தொடக் கூடாது என்பதை அவர்களிடம் தெளிவாகச் சொல்வதே கொடுப்பவரின் முதல் பொறுப்பு.

அதற்கு முன் மூலத்தைக் காப்பாற்ற வேண்டும். பிரேமின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரித்தெடுக்க முயன்றால் மேலடுக்கான ஜெலட்டின் கண்ணாடியிலேயே தங்கி, முகமும் அதோடு போய்விடும். ஆகவே கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டினால் அதன் பசை நாளடைவில் பழுத்துக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷனும் வேண்டாம். உதிர்ந்த துணுக்குகள் நகக்கண் அளவே இருந்தாலும் ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

வேலையின் தரத்தைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது ஸ்கேன்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய கைபேசிப் படத்தைக் கொண்டு விலை கேட்கலாமே தவிர, அதை வைத்தே வேலையை முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். படத்தைக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வைக்கும் ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வைத்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக எடுக்க வேண்டும். நாலுக்கு ஆறு அங்குலப் படம் அப்போது 2400க்கு 3600 பிக்சல் வரும், எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் வரை நன்றாக அச்சிடலாம். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ தேவை. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத் தடங்கள் தனித்தனியே பதிவாகும். மஞ்சள் கறை நீல ஒளியை உறிஞ்சுவதால் நீலத் தடத்தில் கறுத்துத் தெரியும். சிவப்புத் தடத்தில் அது பெரும்பாலும் மங்கிவிடுவதால், தெரிந்தவர் அங்கிருந்தே முகத்தை மீட்டெடுப்பார். நிறமில்லாத கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க, முன்பும் பின்புமான மாதிரிகளைக் கேட்டு, கண்ணையும் காதையும் கைவிரல்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களில் கருமாதிப் படமும் கண்ணீர் அஞ்சலி பேனரும் செய்து பழகிய கை, கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கி, நரையைக் கறுப்பாக்கி, பின்னால் ஒரு பூந்தோட்டத்தையும் வைத்துவிடும். அந்த வேலைக்கு அது பொருந்தும், சீரமைப்புக்குப் பொருந்தாது. ஏஐ செயலியில் ஒரே தட்டில் தெளிவாக்குவதிலும் இதே ஆபத்து இருக்கிறது, ஏனெனில் மங்கிய முகத்தில் இல்லாத விவரத்தை அது ஊகித்து நிரப்புகிறது. கிடைப்பது பாட்டியின் சாயலில் வேறொரு பெண். ஏஐ பயன்படுத்துவீர்களா, முகத்திலா பின்னணியிலா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். பின்னணியில் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தூசியையும் அடையாளத்தையும் வெளியாள் பிரித்தறிய மாட்டார். பாட்டியின் மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும், ஒரே சொடுக்கில் போய்விடும். அம்மைத் தழும்பும் மச்சமும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலைகளிலும் தடவிய மஞ்சளைக் கறையென்று துடைத்துவிடுவார்கள். பிரெஞ்சுக் கடிதமானால் எழுத்துகளின் தலைமேல் உள்ள சாய்கோடுகள் தூசியோடு மறையும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தாளில், அன்று வேறு வடிவில் இருந்த லை, ணை, றா போன்ற எழுத்துகள் அழிந்திருக்க, அவற்றை இன்றைய வடிவில் நிரப்பினால் அந்தத் தாள் பொய்யாகிவிடும்; படிக்க முடியாத இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். ஆகவே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தொடக் கூடாத இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுங்கள்.

பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல், பட்டா ஆகியவற்றை நினைவுக்காகச் சீர்செய்து மாட்டலாம். அலுவலகத்தில் அதைக் கொடுத்தால் போலி ஆவணம் என்ற வழக்கு வரக்கூடும். வழங்கிய அலுவலகத்திலேயே புதிய நகல் கேளுங்கள்.

கட்டணம் அளவைப் பொறுத்தது அன்று, முகத்தில் எவ்வளவு சேதம் என்பதைப் பொறுத்தது. தொகை, நாள், எத்தனை முறை இலவசத் திருத்தம் என்பவற்றை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது எழுத்தில் பெற்று, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். முடிந்த வேலையைக் கைபேசித் திரையில் மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லாமல், அந்த முகத்தை நேரில் கண்ட பெரியவர் ஒருவரிடம் அச்சுப் பிரதியைக் காட்டுங்கள். மூலத்தாள், தொடாத ஸ்கேன், சீர்செய்த டிஃப் கோப்பு மூன்றும் கைக்கு வந்த பின் மீதியைக் கொடுங்கள்.