கேஸ் ஹிஸ்டரியை எழுதும்போதும் படிக்கும்போதும் நடக்கும் தவறுகள்

ஒருவர் சளிக்கு ஆறாம் நாள் ஒரு மருந்தைத் தொடங்குகிறார். எட்டாம் நாள் மூக்கடைப்பு விட்டுவிடுகிறது. 'மருந்து கேட்டது' என்று கேஸ் ஹிஸ்டரியில், அதாவது அவருடைய நோய், சிகிச்சை பற்றிய குறிப்பில், ஏறிவிடும். சாதாரணச் சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே அடங்கும். அன்றைக்கு வெந்நீர் குடித்திருந்தாலும் பலித்திருக்கும். பின்னால் நடந்ததை அதனால் நடந்ததாகப் படிப்பதுதான் இங்கே முதல் சறுக்கல்.

இதைப் பிடிக்கத் தேதிகள் வேண்டும். நோய் தொடங்கிய நாள், மருந்து தொடங்கிய நாள், அளவு, மாற்றம் தெரிந்த நாள், நிறுத்திய நாள், கூடவே எடுத்த மற்ற மருந்துகள். 'சில நாள் கழித்து' என்று எழுதினால் பின்னால் யாரும் எதையும் சரிபார்க்க முடியாது.

நோயாளி சொன்னதையும் எழுதுபவர் ஊகித்ததையும் கலக்கக் கூடாது. 'மயக்கம்' என்பார் ஒருவர், தலைசுற்றலாக இருக்கும். இன்னொருவருக்கு அதே சொல் நினைவு தப்பியதைக் குறிக்கும். அவர் சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளில் போட்டு, விசாரித்துத் தெரிந்ததை அடுத்த வரியில் எழுதுங்கள்.

பத்துப் பேர் குணமான கதை கிடைத்தால், மருந்தை எடுத்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேளுங்கள். குணமாகாதவர்கள் பெரும்பாலும் எழுத வருவதில்லை.

அதற்காகத் தனிக் கதைகளை ஒதுக்கிவிடுவதும் தவறுதான். 1981 ஜூன் 5-ல் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களின் நிமோனியா பற்றி வெளியான குறிப்புதான் எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த வகை நிமோனியா வருவதே அபூர்வம். அதனால் ஐந்தே பேர் போதுமானதாக இருந்தது. சளி குணமானதற்கு அந்த எடை கிடையாது.

கைமாறிய கதையை நம்புவது இன்னொரு தவறு. 1848-ல் பினியாஸ் கேஜ் என்ற அமெரிக்க ரயில்பாதைத் தொழிலாளியின் மண்டையைத் துளைத்துக்கொண்டு இரும்புக் கம்பி போனது. அதன் பிறகு அவர் ஆளே மாறிச் சீரழிந்தார் என்றே பலரும் சொல்வார்கள்; சிலி நாட்டில் சில ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்ததைச் சொல்ல மாட்டார்கள்.

நோயாளியின் பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடாது. வயது, தொழில், ஊர், தேதி நான்கும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். தேவையில்லாததை நீக்குங்கள், எழுதி முடித்த வடிவத்தைக் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். படத்தில் கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பது பழைய பழக்கம். தெரிந்தவர்கள் தாடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.