உப்புக் காற்றைத் தாங்கும் சட்டம்: அரூப ஓவியப் பிரதியை வீட்டில் மாட்டும் முறை

பாம்பனில் என் வீட்டுக் கூடத்தில் முதன்முதலாக மாட்டிய அரூப ஓவியப் பிரதி (உருவங்களைக் காட்டாமல் கோடும் வண்ணமும் வடிவமுமாக வரைந்த ஓவியத்தின் அச்சு) இரண்டு மழைக்காலங்களைக்கூடத் தாண்டவில்லை. பின்னால் அடைத்திருந்த ஹார்ட்போர்டு ஈரம் குடித்து உப்பிவிட்டது; இரும்பு ஆணிகளின் துரு காகிதத்தில் இறங்கிவிட்டது; கண்ணாடியைக் கழற்றியபோது மஞ்சள் கட்டமொன்று காகிதத்தை விட்டுக் கண்ணாடியோடு பெயர்ந்து வந்தது. சாமி படத்துக்குச் சட்டம் போடும் வழக்கத்திலேயே கடைக்காரர் படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து அடைத்திருந்தார். வேறு விதமாகப் போடச் சொல்ல எனக்கும் அப்போது தெரியவில்லை.

முதல் வேலை, படத்தைத் தேர்ந்தெடுப்பது. பழகுவதற்கு ஏற்றது டச்சு ஓவியர் மோந்திரியான் 1942-43இல் வரைந்த 'பிராட்வே பூகி வூகி'. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல ஓவியம் 127 சென்டிமீட்டர் சதுரம். ஓவியர் 1944இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை நீடிக்கும் என்பதால், இங்கே அதை அச்சிட்டுக்கொள்ளத் தடையில்லை. சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் நிறுவிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அவர் மறைந்தது 1977இல் என்பதால், உரிமை பெற்று வெளியிடப்பட்ட பிரதியைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது அச்சு. 12 அங்குலச் சதுரத்துக்கு 3600 பிக்சல் அகலமுள்ள கோப்பு இருந்தால் நல்லது. பேனர் அடிக்கும் ஃபிளெக்ஸில் அச்சிட வேண்டாம். பளபளப்பில்லாத பருத்திக் காகிதத்தில், எளிதில் வெளுக்காத பிக்மென்ட் மையில் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு புறமும் ஓர் அங்குலம் வெள்ளை விளிம்பு விடச் சொல்வதும் முக்கியம். இயற்கைக் காட்சியில் வானம் கொஞ்சம் மறைந்தால் ஒன்றும் குடிமுழுகாது. அரூப ஓவியத்திலோ ஒரு கோடு ஓரத்தைத் தொடுகிறதா, தொடாமல் நிற்கிறதா என்பதே ஓவியரின் முடிவு. ஆகவே மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி விளிம்பாக வரும், நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை) படத்தின் ஓரத்தை மறைக்கவே கூடாது.

அச்சு கைக்கு வந்ததும் பின்புறத்தில் பென்சிலால் 'மேல்' என்று எழுதிவிடுங்கள். சிரிக்க வேண்டாம், இதே மோந்திரியானின் 'நியூயார்க் சிட்டி 1' பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்கியிருக்கலாம் என்று 2022இல்தான் ஜெர்மனியில் அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் கண்டார்கள்.

இனி அளவு. அமிலமற்ற மவுண்ட் போர்டை 18 அங்குல அகலம், 18½ அங்குல உயரத்துக்கு வெட்டி, நடுவில் 12½ அங்குலச் சதுரமாக ஜன்னல் திறக்க வேண்டும். மேலேயும் இரு பக்கங்களிலும் 2¾ அங்குலமும், கீழே 3¼ அங்குலமும் மிஞ்சும். கீழே அரை அங்குலம் கூட்டாவிட்டால் படம் சரிந்து இறங்குவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். படத்தைச் சுற்றிக் கால் அங்குலம் வெள்ளை தெரியும். போர்டின் கனம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே காற்று நிற்க அந்த இடைவெளி போதும். மழையில் என் படம் ஒட்டிக்கொண்டதற்குக் காரணமே அந்த இடைவெளி இல்லாததுதான்.

படத்தைப் பின்போர்டில், அதாவது அதன் பின்னால் வரும் அட்டையில், பொருத்துவதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஈரக் காற்றில் காகிதம் விரியும், வெயில் காலத்தில் சுருங்கும். நான்கு ஓரங்களையும் ஒட்டிவிட்டால் அது அலையலையாக எழும்பும். மேல் ஓரத்தில் மட்டும், இரண்டு இடங்களில், அமிலமற்ற காகித நாடாவால் ஒட்டித் தொங்கவிடுங்கள். செல்லோடேப் மஞ்சளாகிக் கறை விடும். மைதாப் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகும்.

சட்டம் தேக்காகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும். பின்னால் ஹார்ட்போர்டுக்குப் பதிலாகச் சன்போர்டு (ஈரம் குடிக்காத பிளாஸ்டிக் பலகை) வையுங்கள். விளிம்பைச் சுற்றிக் காகித நாடாவால் மூடுங்கள். ஸ்க்ரூக்களும் வளையங்களும் துருப்பிடிக்காத எஃகாகவே இருக்க வேண்டும். தொங்கவிட இரும்புக் கம்பி வேண்டாம். வலைச் சாமான் கடையில் கிடைக்கும் முறுக்கிய நைலான் கயிறு போதும். தூண்டில் நரம்பு பார்வைக்கு அழகாக இருந்தாலும் முடிச்சு நழுவும்.

சட்டத்தின் பின்புறம் நான்கு மூலைகளிலும் கால் அங்குலத் தடிப்பில் கார்க் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று ஓடும். பழைய ரப்பர் செருப்பை நறுக்கி ஒட்டினாலும் வேலை நடக்கும், வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்தால்.

கடலைப் பார்த்த சுவரையும், உப்புப் பூத்துப் பொருக்கு உதிரும் சுவரையும், நேர் வெயில் விழும் இடத்தையும் தவிர்த்து, உட்சுவரில் மாட்டுங்கள். மாலையிட்ட தாத்தா படத்தைப் போல உத்தரத்தருகே சாய்த்து மாட்டாமல், படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடியில் வருமாறு வைத்து, ரசமட்டத்தால் சரிபாருங்கள்; நேர்கோடுகளாலான படத்தில் சிறு சாய்வும் உடனே கண்ணை உறுத்தும்.

அடைக்கும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடைத்தால் அந்த ஈரத்தையும் சேர்த்தே உள்ளே பூட்டுகிறோம். பங்குனி வெயிலில், பிற்பகலில் அடைப்பது உத்தமம். வாடை ஓய்ந்து தை பிறந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்புறத்தைப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் பனித்திருந்தால் நாடாவைப் பிரித்து, படத்தை வெயிலில் காட்டாமல் மின்விசிறியின் கீழ் ஒரு நாள் கிடத்தி, புது நாடா ஒட்டி மூடுங்கள்.